லாங்தோக் திராட்சைத் தோட்டங்களில் ஒருநாள்

பிரெஞ்சு தேசத்தின் தென்புறத்தில், மத்தியதரைக் கடலை அடுத்து, லாங்தோக் என்னும் பிராந்தியம் இருக்கிறது. அங்குள்ள பெசியே நகரிலிருந்து வழிகாட்டிகள் பிரயாணிகளைச் சிறு வண்டிகளில் ஏற்றிச் சென்று திராட்சைத் தோட்டங்களைக் காட்டி வருகின்றனர். காலையிற் புறப்பட்டால் மாலையில் திரும்பிவிடலாம். செல்வோரிற் பெரும்பாலோருக்கு ஒயினை ருசி பார்ப்பதே நோக்கம். நமக்கு அந்த ருசியில் அக்கறை இல்லை. ஆனால் அவ்வழியிலுள்ள ஊர்களில் விளைவிப்போர் கூட்டுறவின் பழைய வரலாறு ஒன்று உண்டு. அதனை நம் சங்கத்தினர் அறிய விரும்புவர் என்று எண்ணியே இதனை எழுதுகிறோம்.

நகரை விட்டதும் தோட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. பந்தல் எங்கும் காணோம். பழைய தோட்டங்களில் கொடியைப் படரவிடாமல், குட்டையான கட்டை போல் நிறுத்தி, குளிர்காலந்தோறும் கவாத்து செய்கின்றனர். மழை குறைந்து காற்று மிகுந்த அந்நிலத்துக்கு அதுவே ஏற்றது. புதிய தோட்டங்களில் கம்பி கட்டி வரிசையாக வளர்த்துள்ளனர்; அறுவடை இயந்திரம் அவ்வரிசைகளின் மேல் ஓட வேண்டுமல்லவா?

கொடியின் அடியில், மண்மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு முண்டு தென்படும். அது ஒட்டுக்கட்டிய இடம். 1863ஆம் ஆண்டளவில் இப்பிராந்தியத்தின் கீழ்ப்புறத்தில் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப்போகத் தொடங்கின. அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்சரா என்னும் பேன் போன்ற பூச்சி வேரை உறிஞ்சுவதே காரணம் என்று, 1868இல் மோன்பெலியே நகரத் தாவரவியல் அறிஞர் பிளான்ஷோனும் உடனிருந்தோரும் கண்டனர். அமெரிக்கக் கொடியின் வேர் அப்பூச்சியைத் தாங்கும். ஆகவே கீழே அமெரிக்க வேர், மேலே பிரெஞ்சுக் கொடி என்று ஒட்டுக்கட்டித் தோட்டங்களை முற்றிலும் புதிதாக நட்டனர். இதற்குப் பெரும் பணம் வேண்டியிருந்தது. சிறு குடியானவர் கடன்பட்டே நட்டனர். நட்டதும் சமவெளியில் மிகுதியாகக் காய்க்கும் அராமோன் போன்ற வகைகளை. விளைச்சல் பெருகிற்று, சர்க்கரை நீரைக் கலந்து போலிச் சரக்குச் செய்வோரும் பெருகினர். 1900 முதல் விலை சரிந்தது.

விலை சரிந்தால் சரக்கை வைத்திருந்து விற்கலாமே என்று கேட்கலாம். நெல்லானால் குதிரில் கொட்டி வைக்கலாம். திராட்சையை அப்படி வைக்க இயலாது. வெட்டிய பழத்தை அன்றைக்கே நசுக்கித் தொட்டியில் இட்டாக வேண்டும், இல்லையேல் கெட்டுவிடும். நசுக்கும் பொறியும் போதிய தொட்டியும் இல்லாதவன் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான். தறி சொந்தமாக இருந்தும், நூலுக்கும் விற்பனைக்கும் ஒரே முதலாளியை நம்பியிருக்கும் நெசவாளரின் நிலையும் இதுவே.

பெசியேக்கு வடமேற்கே சில கிலோமீட்டரில் மரோசான் என்னும் சிற்றூர் இருக்கிறது. பிரயாணத்தில் நாம் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் இதுவே. 1901 டிசம்பரில் இவ்வூர்ச் சிறு விளைவிப்போர் கூடி, 'சுதந்திரத் திராட்சைக் குடியானவர்கள்' என்ற பெயரில் ஒரு சங்கம் அமைத்தனர். முதலில் அவரவர் வீட்டில் செய்த மதுவைச் சேர்த்து விற்றதோடு சரி. வாங்கியவர் யார்? பாரிஸ் நகரத் தொழிலாளரின் நுகர்வோர் கூட்டுறவுப் பண்டகசாலைகள். இடைத் தரகர் இன்றி ஒரு கூட்டுறவு மற்றொரு கூட்டுறவுக்கு விற்றது. 1905இல் எல்லோருக்கும் பொதுவான தொட்டிக்கூடத்தைக் கட்டினர். சோஷலிஸ்டுத் தலைவர் ழான் ழோரெஸ் அவ்வாண்டு நேரில் வந்து பார்த்துத் தம் பத்திரிகையில் எழுதினார். 'ஒவ்வொருவருக்காகவும் எல்லோரும், எல்லோருக்காகவும் ஒவ்வொருவரும்' என்பது அவர்கள் கொண்ட வாசகம்.

இத்தகைய சங்கம் நடைபெறும் விதத்தைச் சற்று விரிவாகக் கூறுவோம். அறுவடை நாளில் அங்கத்தினர் பழத்தைக் கொணர்ந்ததும் எடை போடுவர். சாற்றின் சர்க்கரை அளவையும் கருவியால் அளந்து அவர் பேரில் பதிவர். பின்பு அவர் பழம் மற்றவர் பழத்தோடு கலந்துவிடும். மது விற்கும் முன்னரே கொஞ்சமும், விற்க விற்க மீதியும் என்று, ஆண்டு முழுவதும் தவணையாகப் பணம் பட்டுவாடாவாகும். அங்கத்தினர் தம் விளைச்சலைச் சங்கத்துக்கே தர ஒப்புக்கொண்டிருப்பர். நல்ல விலை வந்த ஆண்டில் வெளியாருக்கு விற்பதும், விலை சரிந்த ஆண்டில் சங்கத்தைத் தேடி வருவதும் செல்லாது. இது கடுமையான விதிதான். ஆயினும் இவ்விதி இல்லாமல் எந்தத் தொட்டிக்கூடமும் நிலைத்திராது என்பது எம் அபிப்பிராயம்.

குறையும் உண்டு. எடையையும் சர்க்கரையையும் மட்டும் கொண்டு பணம் கொடுத்த காலத்தில், நிறையக் காய்க்க வைத்தவனே லாபமடைந்தான். குலைகளைக் குறைத்துப் பழத்தின் தரத்தைப் பேணியவன் நஷ்டப்பட்டான். மலிவுச் சரக்கு விற்கும் வரை இது உறைக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் தலைக்கு ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் குடித்தனர். இன்று அதில் பாதிகூட இல்லை. ஆகவே அராமோனைப் பிடுங்கிவிட்டு வேறு வகைகளை நட்டனர். பல சங்கங்கள் தோட்டத்தைப் பார்வையிட்டுத் தரவாரியாகப் பணம் தரும் முறைக்கு மாறின. மரோசான் சங்கமும் அண்டை ஊர்ச் சங்கங்களோடு இணைந்துவிட்டது. சங்கத்தின் பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது.

அங்கிருந்து தெற்கே என்செரூன் குன்றின்மேல் ஏறினால், மோந்தாதி என்னும் வட்ட நிலம் கீழே தெரியும். 13ஆம் நூற்றாண்டில் சதுப்பு ஏரியை வடித்து, சக்கரத்தின் ஆரங்கள் போல் வாய்க்கால்கள் வெட்டி, நீரை நடுவிற் சேர்த்து, குன்றின் அடியில் குடைந்த சுரங்கத்தின் வழியே வெளியேற்றியுள்ளனர். 1681இல் முடிந்த தெற்குக் கால்வாயும் அதே குன்றைக் குடைந்தே செல்கிறது.

மாலையில் மேற்கே அர்ஜெலியே ஊருக்குச் செல்கிறோம். 1907 மார்ச் 11ஆம் நாள் இவ்வூரிலிருந்து 87 குடியானவர்கள், விசாரணைக்கு வந்திருந்த பார்லிமெண்டுக் கமிட்டியிடம் முறையிட நார்பொன் நகருக்குப் புறப்பட்டனர். தலைவர் மார்செலின் ஆல்பெர். சிற்றுண்டிச்சாலையும் கொஞ்சம் தோட்டமும் உடையவர். ஞாயிறுதோறும் ஊர் ஊராகக் கூட்டம் பெருகி, ஜூன் 9இல் மோன்பெலியேயில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். அரசாங்கம் படையை அனுப்பிற்று. நார்பொன்னில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. இச்செய்தி கேட்டு, இப்பகுதிக் குடியானவரின் பிள்ளைகளே நிறைந்திருந்த 17ஆம் காலாட்படையினர் சிலர் கலகம் செய்து பெசியேக்கு நடந்து வந்தனர். பின்னர் அவர்களை டூனிஸியாவுக்கு அனுப்பிவிட்டனர்.

ஆல்பெர் ஒளிந்து பாரிஸ் சென்று பிரதம மந்திரி கிளெமான்ஸோவைச் சந்தித்தார். ஊர் திரும்ப ரயில் செலவுக்கென்று மந்திரி 100 பிராங்கு நோட்டு ஒன்றைக் கொடுத்தார், அவரும் வாங்கிக்கொண்டார். பத்திரிகைகளில் அது வெளியானதும், அதுவரை அவரைத் தோளில் தூக்கியவர்களே துரோகி என்றனர். ஒரு மனிதரையே நம்பிய இயக்கம் ஒரு நோட்டினால் தளர்ந்தது.

ஆயினும் கோரிக்கை வீண்போகவில்லை. 1907 ஜூன் 29ஆம் நாள் சட்டம் வந்தது. ஒவ்வொரு விளைவிப்போனும் தன் அறுவடை அளவை எழுதிக் கொடுக்க வேண்டும். அதனை ஊர்மன்ற வாயிலில் எல்லோரும் காண ஒட்டவும் வேண்டும். தோட்டத்தில் விளைந்ததற்கு மேல் ஒருவன் மது விற்றால் அண்டை வீட்டுக்காரனுக்கே தெரிந்துவிடும். பிற்காலத்தில், சிறப்பாக 1930களில், தொட்டிக்கூடங்கள் ஊருக்கு ஊர் எழுந்தன. அறுவடைக் கணக்கை எழுதிக் கொடுக்கும் வழக்கம் இன்றும் அங்கு நடந்து வருகிறது.