சேற்று வாயுவும் ஒளிரும் சாயமும்

தஞ்சை நாட்டுச் சம்பா வயலிலே பல நாள் நீர் வடியாது நின்றபின் சேற்றைக் கிளறினால், சிற்சில இடங்களிற் கூமுட்டை நாற்றம் எழும். அந்நாற்றத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு. நீர் தேங்கிய மண்ணில் பிராணவாயு அற்றுப்போகவே, அங்கு வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் கந்தக உப்புக்களினின்று இதனை உண்டாக்குகின்றன. மண்ணில் இரும்பு மிகுந்திருப்பின் அது வாயுவைப் பற்றிக் கரிய பொருளாக்கிவிடும். இரும்பு குறைந்தவிடத்தோ வாயு நெல்லின் வேரைத் தாக்கும். வேர் கறுத்துப் பயிர் மெலியும். வாயுவின் பெயரை அறியாவிடினும், நீரை வடித்து வயலைக் காயவிடும் மருந்தை நம் உழவர் நெடுங்காலமாக அறிவர்.

வியப்பு யாதெனில், இந்நஞ்சே உயிருள்ள உடம்பினுள்ளும் சிற்றளவிற் பிறக்கின்றது. மூளையில் இது செய்தி கடத்தத் துணைபுரியலாம் என்று 1996-இல் அபே, கிமுரா என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர் வெளியிட்டனர். அவ்வாறாயின் அதனைக் காண்பது எங்ஙனம்? பழைய முறையில், ஆராயும் பொருளை அரைத்து அமிலம் சேர்த்து, மெத்திலீன் நீலம் என்னும் சாயம் தோன்றும் அளவைக் கொண்டு கணக்கிடுவர். ஆனால் அரைத்த வேர் வேரன்று. வாயு எவ்விடத்தில் இருந்தது, எப்பொழுது பிறந்தது என்னும் இரண்டும் அரைப்பிலேயே அழிந்துவிடும்.

இக்குறையைத் தீர்க்க வந்தவையே ஒளிரும் சாயங்கள். 1871-இல் பேயர் என்னும் ஜெர்மானியர் ஆக்கிய புளோரெசீன், நீலவொளி பட்டால் பச்சையாய் ஒளிரும். அதன் இனத்ததாகிய ரோடமின் சாயத்தின் ஒளியை, மூன்று நைட்ரஜன் அணுக்கள் கோத்த அசைடு என்னும் மூடியால் அடக்கிவைத்தனர், அமெரிக்காவில் பெர்க்லி நகரத்துக் கிறிஸ்டோபர் சாங் குழுவினர். இஃது 2011-ஆம் ஆண்டுச் செய்தி. ஹைட்ரஜன் சல்பைடு வந்து தொட்டவுடன் அம்மூடி மாறும்; சாயம் ஒளிரும். இருண்ட வீட்டில் திருடன் கைபட்டதும் விளக்குத் தானே ஏற்றிக்கொள்வது போலும்! உயிரணு உயிரோடிருக்கவே நுண்பெருக்கியில் இதனைக் காணலாம். இத்தகைய சாயத்துக்குத் தமிழில் ‘காட்டி’ என்னும் சிறு சொல்லே போதுமென்பது எம் கருத்து.

எனினும் காட்டி காட்டுவதனைத்தும் மெய்யன்று. உயிரணுவில் குளூட்டாதயோன் முதலிய வேறு கந்தகப் பொருள்கள் இவ்வாயுவினும் மிகமிக அதிகம். அவற்றுக்குச் சாயம் ஏமாறலாகாது. ஏற்றிய விளக்கு மீண்டும் அணைவதுமில்லை. ஆதலின் அது காட்டுவது இதுகாறும் வந்தவற்றின் தொகையையே, இப்பொழுது இருப்பதையன்று. பிராணவாயுவிற் பிறக்கும் தீவிரப் பொருள்களைக் காணப் பலரும் கையாளும் டைகுளோரோபுளோரெசீன் முறையோ, திருடர் பலருக்கும் ஒருபடித்தாகவே ஒளிரும். இதனாலேயே ஆராய்வோர், வாயு பிறவாதபடி தடுத்த உயிரணுக்களையும் அருகே வைத்து நோக்குவர். அங்கும் அவ்வொளி குறையாது தோன்றின், சாயம் வேறெதற்கோ ஒளிர்ந்தது என்பது தெளிவாம்.