கறியைக் குறைப்பவருக்கு நம் கடையில் என்ன இருக்கிறது?

'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்பது நம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழி. நல்ல சரக்கை வாங்கி, முறையாகச் சமைத்துச் சாப்பிட்டால் மருத்துவச் செலவு குறையும் என்பது அதன் பொருள். பொறுப்பில் ஒரு பங்கை விற்பவர் தலையிலும் வைக்கும் பழமொழி இது. அந்தப் பொறுப்பை நினைவூட்டும் வாடிக்கையாளர்கள் இப்போது நம் கடைகளுக்கு நிறைய வருகிறார்கள்.

"டாக்டர் கறியைக் குறைக்கச் சொல்லிவிட்டார்" என்கிறார் ஒருவர். கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, வயது என்று காரணம் ஆளுக்கு ஆள் மாறும். வீட்டுக்குப் போய் அவர் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். ரசம் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் என்று நான்கு நாள் ஓட்டுகிறார். வயிறு நிறைந்தது போலவே இல்லை என்று சோற்றை இன்னும் ஒரு கரண்டி கூட்டிக்கொள்கிறார். ஐந்தாம் நாள் பழைய கடைக்கே திரும்புகிறார். திரும்பாதவர் நிலையும் நன்றாக இருப்பதில்லை. கறி குறைந்தது, சோறும் கிழங்கும் கூடின, சர்க்கரையும் கூடியது என்றுதான் கணக்கு முடிகிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. நம் கடைக்கு வருவோரிலும், கல்லாவில் அமர்ந்திருக்கும் நம்மிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

இறைச்சி வணிகம் செய்யும் நண்பர்களுக்கு எதிரான கட்டுரை இது என்று யாரும் எண்ண வேண்டாம். குறைக்க முடிவு செய்துவிட்ட வாடிக்கையாளருக்கு வழிகாட்டுவதே நோக்கம்.

கறியில் கிடைப்பது எது?

கறிச்சாப்பாட்டில் மனிதன் தேடுவது மூன்று. ஒன்று, வயிற்றில் தங்கும் புரதம். இரண்டு, பல்லுக்கு வேலை. மூன்று, மசாலா மணம். இந்த மூன்றும் மளிகைக் கடையிலேயே இருக்கின்றன. புரதத்துக்குப் பருப்பும் பயறும். மெல்லுவதற்கு மொச்சை, கொண்டைக்கடலை, மீல்மேக்கர். மணத்துக்குப் பட்டை, கிராம்பு, சோம்பு, மிளகு, மல்லி. கறிக்குழம்பின் ருசியில் பாதி மசாலாவின் ருசிதான் என்பது மசாலா விற்கும் நமக்குத் தெரியாததா?

புரதத்துக்கு ஒரு வரவுக் கணக்கு

எடையில் கிலோ ஒன்றுக்குச் சுமார் 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும் என்பது நம் நாட்டு அளவுகோல். 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். இதைக் கறி இல்லாமல் வரவு வைக்க முடியுமா என்று பார்ப்போம்.

துவரம் பருப்பு 50 கிராம்: 11 கிராம் புரதம்.
ஏதாவது ஒரு முழுப்பயறு 50 கிராம்: 11 கிராம்.
நிலக்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம்: 7 கிராம்.
பாலும் தயிருமாக 300 மில்லி: 9 கிராம்.
அரிசி, கோதுமை, சிறுதானியம் சேர்த்து 200 கிராம்: 14 கிராம்.

மொத்தம் 52 கிராம். கணக்கு நேராகிவிட்டது. இவை சமைக்காத எடைகள் என்பதை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். வெந்த பருப்பில் பெரும்பகுதி தண்ணீர். இரண்டு கரண்டி தண்ணீர்ச் சாம்பார் இந்தக் கணக்கில் சேராது. அரிசியில் குறைவாக உள்ள சத்தைப் பருப்பும், பருப்பில் குறைவாக உள்ளதை அரிசியும் ஈடு செய்கின்றன. பொங்கல், அடை, பிசிபேளா, பருப்புச் சாதம் ஆகியவை ஏன் தலைமுறைகளைத் தாண்டி நிற்கின்றன என்பது இதிலிருந்து விளங்கும்.

வாரத்துக்கு ஏழு சமையல்

திங்கள்: கொள்ளுக் கடையல். எட்டு மணி நேரம் ஊறிய கொள்ளைக் குக்கரில் நன்றாக வேகவிட்டு, வதக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மல்லி, வரமிளகாய் சேர்த்துக் கடைய வேண்டும். வடித்த தண்ணீரில் ரசம் வைக்கலாம். கொங்குச் சீமை வீடுகளில் இன்றும் இது வழக்கம். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற சொல் அனைவரும் அறிந்ததே.

செவ்வாய்: காய்ந்த மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பு. மொச்சையை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். கருவாட்டுக் குழம்பின் அதே கைப்பக்குவம் இதற்கும் பொருந்தும்.

புதன்: மீல்மேக்கர் மிளகு வறுவல். பலர் இதை ஒருமுறை வாங்கிவிட்டு மறுமுறை தொடாததற்குக் காரணம் சமைக்கும் முறை. கொதிக்கும் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஒட்டப் பிழிந்துவிட வேண்டும். பிறகுதான் மசாலா உள்ளே இறங்கும். எடையில் பாதி அளவு புரதம் உள்ள சரக்கு இது. ஒருவருக்கு 30 கிராம் போதும்.

வியாழன்: பச்சைப்பயறுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். காலையில் பச்சைப்பயறு தோசையும் வார்க்கலாம்.

வெள்ளி: சாம்பாருடன் வாழைப்பூப் பருப்பு உசிலி. அரைத்த பருப்பை ஆவியில் வேகவைத்து உதிர்த்துச் சேர்த்தால் எண்ணெய் கொஞ்சம்தான் பிடிக்கும்.

சனி: கறுப்புக் கொண்டைக்கடலைக் குழம்பு. தேங்காய், சோம்பு, கசகசா அரைத்து ஊற்றினால் கறிக்குழம்பின் வாசம் தெருவரை வரும்.

ஞாயிறு: இதுதான் சோதனை நாள். அடியோடு விட முடியாதவருக்குத் தால்சா நல்ல நடுவழி. ஒரு கிலோ கறி வாங்கிய வீட்டில் கால் கிலோ வாங்கி, கடலைப்பருப்பு, கத்தரிக்காய், மாங்காய் சேர்த்து ஆக்கினால் குடும்பத்துக்கே காணும். முழுக்க விட்டவருக்குப் பருப்பு உருண்டைக் குழம்பு, அல்லது காளான் பிரியாணியும் தயிர்ப் பச்சடியும். காளானிலும் பலாக்காயிலும் மெல்லும் சுகம் உண்டு, புரதம் குறைவு. ஆகவே பக்கத்தில் ஒரு சுண்டல் வேண்டும்.

சொல்லி விற்க வேண்டிய எச்சரிக்கைகள்

கறி இல்லாத சாப்பாடு எல்லாம் நல்ல சாப்பாடு ஆகிவிடாது. பூரி, பஜ்ஜி, மைதாப் பரோட்டா ஆகியவற்றிலும் கறி இல்லை. பயறு கூடும்போது சோறு குறைய வேண்டும். அப்பளம், ஊறுகாய், வற்றல் ஆகியவற்றில் உப்பு அதிகம் என்பதால் இரத்த அழுத்தக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

பி-12 என்ற வைட்டமின் பயறு, காய்கறிகளில் கிடைக்காது. பால், தயிர், முட்டையைத் தொடர்வது நல்லது. அவற்றையும் விடுபவர் மருத்துவரிடம் கேட்க வேண்டும். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர எலுமிச்சை, நெல்லிக்காய் உதவும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது அதைக் கெடுக்கும். வாயுத் தொல்லை உள்ளவர்கள் பயறை நீண்ட நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவை மீறிப் பருப்பு வகைகளைச் சேர்க்கக் கூடாது.

வணிகர் செய்ய வேண்டியவை

புரட்டாசி முழுவதும், கார்த்திகையில் மாலை போட்ட வீடுகளில் 41 நாட்கள், கிறிஸ்தவ அன்பர்களின் தவக்காலமான 40 நாட்கள் என்று கறி குறையும் காலங்கள் நமக்கு முன்கூட்டியே தெரிந்தவை. அதற்கு இரண்டு வாரம் முன்பே பயறு வகைகளைப் புதுச்சரக்காக இறக்கிவிட வேண்டும். பழைய மொச்சையும் கொண்டைக்கடலையும் எத்தனை நேரம் ஊறினாலும் வேகாது. வேகாத பயறு ஒரு முறை வீட்டுக்குப் போனால், அந்த இல்லத்தரசி இரண்டாம் முறை கேட்க மாட்டார். மொத்த வியாபாரிகள் பழைய மூட்டையைப் புதியதோடு கலக்காமல் அனுப்பினால் சில்லறை வணிகரின் பெயர் காப்பாற்றப்படும்.

ஐந்து வகைப் பயறு கால் கால் கிலோ, மீல்மேக்கர் ஒரு பாக்கெட், மசாலாச் சாமான் ஒரு பொட்டலம் என்று ஒரு வாரச் சரக்கை ஒரே பையாகக் கட்டி வைக்கலாம். எத்தனை மணி நேரம் ஊற வேண்டும், எப்படி வேக வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டு உள்ளே இருக்கட்டும். அச்சடிக்கச் சில காசுகள்தான் ஆகும். வாங்கியவர் சமைத்துப் பார்ப்பார், மீண்டும் வருவார்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. 'சர்க்கரை குணமாகும்', 'கொழுப்பு கரையும்' என்று பலகை எழுதி மாட்டாதீர்கள். தவறான விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்ச ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டம் இருக்கட்டும், நோயாளி மருந்தை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

கடைசியாக நமக்கும் ஒரு வார்த்தை. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து, இரவு பத்துக்குக் கணக்கு முடித்து, பதினொரு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுப் படுப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? மாலையில் வடைக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல், இரவு சீக்கிரமே வீட்டிலிருந்து அடையும் கொள்ளு ரசமும் என்று இந்த வாரமே தொடங்கலாம். தானே சாப்பிட்டுப் பார்த்த சரக்கைப் பற்றிக் கடைக்காரர் சொல்லும்போது வாடிக்கையாளர் நம்பிக் கேட்பார்.