உங்களுக்குத் தெரியுமா? தூண்டிலில் சிக்கிய ஊர்

தென் கொரியாவில் கோக்சங் என்று நிஜமாகவே ஒரு மாவட்டம் இருக்கிறது. மே மாதமானால் ரோஜாத் திருவிழா நடக்கும் அமைதியான இடம். 2016 மே மாதம் அதே பெயரில் ஒரு பேய்ப்படம் வந்தது; வெளிநாடுகளில் 'தி வெய்லிங்'. ஒருவர் பின் ஒருவராகப் புத்தி பேதலித்து, உடம்பெல்லாம் கொப்புளமாகி, சொந்தக் குடும்பத்தையே கொன்று போடுகிற ஊரின் கதை. நிஜ ஊர்க்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைக்காதா? கொரிய எழுத்தில் இரண்டு பெயரும் ஒன்றுதான். சீன எழுத்தில் ஊருக்குப் பொருள் 'பள்ளத்தாக்குக் கோட்டை', படத்துக்கு 'அழுகுரல்'. குழப்பம் வராமலிருக்க, தலைப்போடு சீன எழுத்தையும் சேர்த்துப் போட்டார்கள். மாவட்டத் தலைவரோ, "படம் பார்த்தவர்கள் எங்கள் ஊருக்கு வாருங்கள்" என்கிற பாணியில் பத்திரிகையில் கட்டுரையே எழுதிவிட்டார். கெட்டிக்காரர்!

★

படத்தின் நீளம் 156 நிமிடம். கொரியாவில் மட்டும் 68 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்றது. இயக்குநர் நா ஹாங் ஜின். ஒளிப்பதிவாளர் ஹாங் கியுங் பியோ, பின்னாளில் 'பாரசைட்' படத்துக்கும் ஒளிப்பதிவு செய்தவர்.

★

முதல் காட்சியில் ஒரு கிழவர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தூண்டில் முள்ளில் புழுவைக் கோக்கிறார். அவர்தான் ஊரே சந்தேகப்படும் ஜப்பானியர். நடித்தவர் குனிமுரா ஜுன். 'கில் பில்'லில் தலை வெட்டுப்படும் தனாகா இவரேதான். இந்த வேடத்துக்காகக் கொரியாவின் ப்ளூ டிராகன் விருது கிடைத்தது. அந்த விருதை வாங்கிய முதல் வெளிநாட்டு நடிகர் இவர்.

★

பேயோட்டும் சடங்கில் பூசாரியாக வரும் ஹ்வாங் ஜங் மின் சுமார் 15 நிமிடம் இடைவெட்டில்லாமல் ஆடி நடித்தார். திரையில் வருவது அதன் துண்டுகள், அதில்தான் சூதே இருக்கிறது. பூசாரி இங்கே மரக்கம்பத்தில் ஆணி அறைகிறார். அங்கே காட்டு வீட்டில் ஜப்பானியர் துடிக்கிறார். சரியான அடி என்று நாமும் நிமிர்ந்து உட்காருகிறோம். ஆனால் ஒவ்வொரு ஆணிக்கும் கதாநாயகனான போலீஸ்காரரின் பேய் பிடித்த மகளும் அலறுகிறாளே, ஆணி யாருக்கு? எடிட்டிங் மேசையிலேயே நம்மை ஏமாற்றிவிட்டார்கள். இன்னொன்று: உடை மாற்றும்போது பூசாரி கட்டியிருப்பது ஜப்பானியக் கோவணம். கண் இமைத்தால் போச்சு.

★

படம் தொடங்குவது லூக்கா 24ஆம் அதிகாரத்தில். உயிர்த்தெழுந்த இயேசு, ஆவிக்குச் சதையும் எலும்பும் கிடையாது, தொட்டுப் பாருங்கள் என்று சீடர்களிடம் சொல்லும் இடம். அதே பேச்சு கடைசியில் குகைக்குள் இருந்து மறுபடி வருகிறது, சொல்பவர் கையில் ஆணித் தழும்போடு. சொல்வது யார் என்பதுதான் வில்லங்கம்.

★

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபிக்க வேண்டாம். முழுதாகப் பார்த்தவர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். படத்தில் வரும் வெள்ளை உடுப்புப் பெண் காவல் தெய்வமா, பேயா? அவள் பாத்திரத்துக்குப் பெயரே 'பெயரில்லாதவள்'தான். சேவல் மூன்று முறை கூவும்வரை வீட்டுக்குள் போகாதே என்று போலீஸ்காரரைத் தடுக்கிறாள். பேதுரு மறுதலித்த கதை தெரிந்தவர்களுக்கு அந்தச் சேவல் புரியும். இரண்டு முறை கூவிவிட்டது. மனுஷன் பொறுத்துப் பார்க்கிறார். அப்போதுதான் அவள் காலடியில் கண் போகிறது. அங்கே கிடந்தது தன் மகளின் ஹேர்பின்.