மூலப் பத்திரம் கேட்ட பாண்டியன்: ஒரு ராஜாக்கள் லிஸ்ட் உருவான கதை

சிவகாசியிலோ விருதுநகரிலோ பிளாட் வாங்கப் போறீங்களா? வக்கீல் முதலில் கேட்பது மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும்தான். யாரிடமிருந்து யாருக்கு இடம் வந்தது என்ற சங்கிலி நடுவில் அறுந்திருக்கக் கூடாது. சுமார் 1,250 வருஷத்துக்கு முன்பு, இந்தப் பகுதியை ஆண்ட பாண்டிய மன்னனும் மதுரையில் இதையேதான் கேட்டான்.

என்ன வழக்கு?

மன்னன் நெடுஞ்சடையனிடம் காமக்காணி நற்சிங்கன் என்பவர் முறையிட்டார்: "உங்கள் முன்னோர் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, எங்கள் முன்னோருக்கு வேள்விக்குடி ஊரைத் தானம் தந்தார். களப்பிரர் பறித்துக்கொண்டார்கள்." மன்னன் உடனே தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ஊர் உங்களுடையதுதான் என்று நாட்டார் மூலம் நிரூபியுங்கள் என்றான். நற்சிங்கன் நிரூபித்தார். ஊர் திரும்பக் கிடைத்தது.

லிஸ்ட் எங்கே வந்தது?

அந்த உத்தரவுதான் 10 ஏடுகள் கொண்ட வேள்விக்குடிச் செப்பேடு. களப்பிரரை விரட்டிய கடுங்கோன் தொடங்கி நெடுஞ்சடையன் வரை ஏழு மன்னர்கள் இதில் வரிசையாக வருகிறார்கள். முற்காலப் பாண்டியர் வரலாற்றுக்கு இதுதான் முக்கிய ஆதாரம். எழுதப்பட்டது என்னவோ ஒரு நில உரிமைக்காக!

அப்படியே நம்பலாமா?

இங்கேதான் கவனம் தேவை. மெசபடோமியாவில் கி.மு. 1800 வாக்கில் களிமண்ணில் ஆப்பெழுத்தில் எழுதிய சுமேரிய அரசர் பட்டியல், இப்போது ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் மியூசியத்தில் இருக்கிறது. முதல் அரசன் அலுலிம் ஆண்டது 28,800 வருஷமாம்! ஒரே காலத்தில் வெவ்வேறு நகரங்களை ஆண்டவர்களைக்கூட ஒருவர் பின் ஒருவராக அடுக்கியிருக்கிறார்கள். லகாஷ் என்ற பெரிய நகரத்துக்கு அதில் இடமே இல்லை. 'ஆட்சி எப்போதும் ஒருவர் கையில்தான்' என்று காட்டுவதுதான் நோக்கம்.

நம்ம செப்பேட்டில் அந்தளவு கற்பனை இல்லை. ஆனால், விடுபட்டவர்கள் உண்டு. களப்பிரர் எத்தனை பேர், எத்தனை வருஷம் ஆண்டார்கள்? ஒரு வரிகூட இல்லை. வென்றவர்கள் எழுதிய பத்திரத்தில் அவர்கள் வெறும் வில்லங்கம்!

பத்திரம் பார்க்கும்போது வக்கீல் தேடுவது இடைவெளியைத்தான். ராஜாக்கள் லிஸ்ட் படிக்கும்போதும் அதையே தேடுங்க.