அட்வான்ஸ் பணத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒரு நாள் மாலை மஞ்சள் பையோடு வீட்டுக்கு வந்தார். பைக்குள் 52 ரசீதுகள். மாதம் 3,000 ரூபாய் வீதம் மனைக்குக் கட்டிய தவணை, மொத்தம் 1,56,000 ரூபாய். அடியில் நான்காக மடித்த வண்ண நோட்டீஸ். அதில் மனைப்பிரிவின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் "டி.டி.சி.பி. அப்ளைடு" என்று இருந்தது. "அப்ரூவல்னுதானே தம்பி சொன்னாங்க?" என்றார். டி.டி.சி.பி. எனும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், அனுமதி வரவில்லை என்று நான் சொன்னதும் ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப வைத்தார்.

தமிழ்நாட்டில் அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் உள்ள மனையைச் சார்பதிவாளர் பதிய மாட்டார். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அதைத் தடுக்கிறது. 20.10.2016-க்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவானவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொன்னால் ஏமாறாதீர்கள். டி.டி.சி.பி.யோ, சென்னைப் பெருநகரில் அதன் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வோ தராத அனுமதியை ஊராட்சித் தலைவரின் கையெழுத்து ஈடுசெய்யாது.

அங்கீகாரத்தோடு ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணையும் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனை பிரித்து விற்பவர், ரெராவில் பதியாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. நோட்டீஸில் உள்ள எண்ணை ரெரா இணையதளத்தில் தட்டிப் பார்த்தால் வரைபடம் வரும். நீங்கள் வாங்கப்போகும் மனை எண் அதில் இருக்கிறதா, அல்லது அந்த இடம் பூங்காவுக்கு விட்டதா என்று பாருங்கள். பூங்கா இடத்தையே மனையாக்கி விற்றவர்கள் உண்டு.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று. ரெரா சட்டத்தின் 13-வது பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் மொத்த விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அக்காவிடம் வெறும் ரசீதை நீட்டி மாதாமாதம் வாங்கினார்களே, அது நடந்திருக்கவே கூடாது.

தனி ஆளிடமிருந்து பழைய மனையை வாங்கும்போது ரெரா துணைக்கு வராது. அங்கே வில்லங்கச் சான்றுதான் முதல் படி. பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். முப்பது வருடத்துக்காவது பாருங்கள். ஆனால் வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்றால் எல்லாம் சுத்தம் என்று அர்த்தமில்லை. பதியாத உயில், கோர்ட்டில் நடக்கும் வழக்கு, கையெழுத்துப் போடாத வாரிசு, மூலப்பத்திரத்தைக் கொடுத்து வெளியில் வாங்கிய கைமாற்று, இவை அதில் தெரியாமல் போகலாம். அதனால்தான் ஜெராக்ஸோடு நிற்காமல் அசல் மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். பட்டா வருவாய்த்துறை ஆவணம். பத்திரத்தின் இடத்தை அது பிடிக்காது. பவர் ஏஜென்ட் விற்றால் உரிமையாளரை நேரில் பாருங்கள். அவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் அதோடு முடிந்தது.

கடன் தேவையில்லை என்றாலும் வங்கியில் மனைக்கடன் கேட்டுப் பாருங்கள். வங்கி வக்கீல் பத்திரங்களைப் பார்த்துவிட்டுத் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள். "இதுக்கு லோன் வராது சார், கேஷ்தான்" என்று விற்பவரே சொன்னால் நான் அங்கேயே திரும்பிவிடுவேன்.

கைவசம் இருப்பதெல்லாம் ஒரே மனையில் போவதும் ஆபத்துதான். மனை மாத வருமானம் தராது. அவசரத்துக்கு விற்கப் போனால் கேட்கிற விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருக்கும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்த பணத்தை அதில் போடாதீர்கள்.

மாட்டிக்கொண்டவர்கள் முதலில் தவணையை நிறுத்திவிட்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். மனைப்பிரிவு என்றால் ரெராவில் நீங்களே புகார் தரலாம், வக்கீல் கட்டாயமில்லை. ஒப்பந்தப்படி மனையைத் தராவிட்டால் வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கேட்க ரெரா சட்டத்தின் 18-வது பிரிவு இடம் தருகிறது. நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம் என்றால் காவல்துறையின் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவுக்குப் போங்கள். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: உத்தரவு வாங்குவதைவிடப் பணத்தை வசூலிப்பதுதான் பெரும்பாடு. நாள் தள்ளத் தள்ள அது இன்னும் கடினமாகும்.

அக்கா இப்போது ரெராவில் புகார் கொடுத்திருக்கிறார். அந்த 52 ரசீதுகள்தான் அவருக்குச் சாட்சி.

இந்த ஞாயிற்றுக்கிழமை வேன் ஏறி சைட் பார்க்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் பணத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வரும்போது பத்திர நகலும் ரெரா எண்ணும் கையில் இருக்கட்டும்.