விரல் நுனித் துளியும் தோளில் ஒட்டிய வில்லையும்

நீரிழிவு நோய் எட்டிப் பாராத குடும்பம் இன்று அரிது என்பதை யாவரும் அறிவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடைபெற்று 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர் இந்நோய் உடையவர் எனக் கணக்கிட்டுள்ளது.

நோயாளரைப் பேணும் குடும்பங்களின் முன் இப்போது ஒரு கேள்வி எழுந்துள்ளது. விரலைக் குத்தி ஒரு துளி இரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டர் பல வீடுகளில் உண்டு. அதற்கு மாற்றாக, மேற்கையில் ஒட்டிக்கொண்டு இரவும் பகலும் அளந்துகொண்டேயிருக்கும் சென்சார் கருவி கடைகளுக்கு வந்துவிட்டது. இரண்டில் எதை வாங்குவது? விலை மிகுந்தது எல்லார்க்கும் தேவைதானா? இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

வந்த வழி

நம் பெற்றோர் காலத்தில் சர்க்கரைச் சோதனை என்றால் சிறுநீர்ச் சோதனையே. பெனடிக்ட் கரைசலில் சில துளி சிறுநீரை விட்டுக் காய்ச்சுவர். நீலம் மாறாதிருந்தால் நிம்மதி. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என மாற மாறக் கவலை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம். விசுவநாதன் 1948ஆம் ஆண்டில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கிய நாள்களிலும் இம்முறையே வழக்கில் இருந்தது. இதில் பெருங்குறை ஒன்று உண்டு. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பின்னரே அது சிறுநீரில் வெளிப்படும். சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருப்பதையோ இச்சோதனை அறவே காட்டாது.

1965ஆம் ஆண்டில் இரத்தத் துளி பட்டதும் நிறம் மாறும் பட்டையை ஏம்ஸ் நிறுவனம் வெளியிட்டது. 1970ஆம் ஆண்டையொட்டி அந்நிறத்தை அளந்து எண்ணாகக் காட்டும் கருவி வந்தது. ஆயினும் அது மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கப்பட்டது. இளமை முதலே நீரிழிவால் வருந்திய ரிச்சர்டு பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பொறியாளர், மருத்துவரான தம் மனைவியின் பெயரால் அக்கருவியைப் பெற்று, நாள்தோறும் பன்முறை தம் இரத்தத்தைச் சோதித்து, உணவையும் இன்சுலினையும் அதற்கேற்ப அமைத்துக்கொண்டார். தம் அனுபவத்தை மருத்துவ உலகம் செவிமடுக்கவில்லை எனக் கண்டு, நாற்பது வயதைக் கடந்தபின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து தாமே மருத்துவரானார்! நோயாளர் தம் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளும் வழக்கம் வேரூன்ற இத்தகையோரே காரணர்.

1993ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைக் கொண்டு நடந்த பேராய்வின் முடிவு வெளிவந்தது. இன்சுலினையே நம்பி வாழும் முதல் வகை நீரிழிவாளர்கள் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால், கண் விழித்திரை நோய் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைகிறது என்று அது மெய்ப்பித்தது. ஆனால் அவ்வாறு கட்டுப்படுத்தியவர்களிடையே சர்க்கரை அளவுமீறித் தாழ்வதும் மிகுந்தது. ஆகவே அடிக்கடி அளந்து பார்ப்பது இன்றியமையாததாயிற்று.

விரல் நுனித் துளி

இன்றைய குளுக்கோமீட்டரில் செருகும் ‘ஸ்டிரிப்’ எனும் பட்டையில் ஒரு நொதி பூசப்பட்டுள்ளது. இரத்தத்திலுள்ள சர்க்கரையுடன் அது வினைபுரிகையில் மிகச் சிறிய மின்னோட்டம் எழுகின்றது. அதை அளந்து, சில நொடிகளில் கருவி எண்ணைக் காட்டுகிறது.

அந்த எண் எவ்வளவு நம்பத்தக்கது? 2013ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தர விதிப்படி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சோதனைகளேனும் உண்மை அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் அமைய வேண்டும். அதாவது, உண்மை அளவு 200 எனில், கருவி 170 காட்டினாலும் 230 காட்டினாலும் தவறில்லை. காலையில் 140, மறுநாள் 150 என வந்தால் பதறுவதற்கு ஏதுமில்லை என்பது இதனால் விளங்கும்.

கருவியின் பிழையைவிடக் கையின் பிழையே பெரிது. மாம்பழத்தை நறுக்கிய கையைக் கழுவாது விரலைக் குத்தினால், பழச்சாற்றின் சர்க்கரையும் சேர்ந்து பொய்யான உயர்வு காட்டும். சோப்பிட்டுக் கழுவி, நன்கு துடைத்த பின்னரே குத்த வேண்டும். பட்டைகள் ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஆற்றாதவை. புட்டியின் மூடியைத் திறந்து வைத்தலும், காலாவதியான பட்டையைப் பயன்படுத்தலும் ஆகா. விரல் நுனியின் நடுவில் குத்துவதைவிடப் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஒருவர் குத்திக்கொண்ட ஊசியை, கணவன் மனைவியே ஆயினும், மற்றவர் தொடலாகாது. இரத்தத்தால் பரவும் மஞ்சள் காமாலைக்கு அது வழியாகும்.

தோளில் ஒட்டிய வில்லை

சென்சார் இரத்தத்தை அளப்பதில்லை. நாணயம் போன்ற வில்லையின் அடியிலுள்ள மெல்லிய இழை தோலுக்குக் கீழே சென்று, அங்குள்ள திசுநீரில் சர்க்கரையை அளந்து கைப்பேசிக்கு அனுப்புகிறது. அமெரிக்காவில் இவ்வகைக் கருவிக்கு முதல் ஒப்புதல் 1999ஆம் ஆண்டில் கிடைத்தது. 14 நாள்கள் ஒட்டியிருக்கும் ‘ஃப்ரீஸ்டைல் லிப்ரே’ ஐரோப்பாவில் 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஆற்றில் ஒரு முறை கோலை ஊன்றி ஆழம் பார்ப்பதற்கும், கரையிலமர்ந்து நாள் முழுதும் நீர்மட்டத்தைக் கவனிப்பதற்கும் உள்ள வேறுபாடே இவ்விரண்டுக்கும் உள்ளது. சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைச் சென்சார் அம்புக்குறியால் காட்டும். நள்ளிரவில் அளவு தாழ்ந்தால் ஒலியெழுப்பி வீட்டாரை எழுப்பவல்ல கருவிகளும் உண்டு. ஒரு நாளில் எவ்வளவு நேரம் சர்க்கரை 70க்கும் 180க்கும் இடையே நின்றது என்றும் அது கணக்கிடும். பெரும்பாலான நோயாளர்க்கு அந்நேரம் நூற்றுக்கு எழுபதுக்கு மேல், அதாவது நாளில் ஏறத்தாழ 17 மணி நேரமேனும் இருத்தல் நலம் என்பது 2019ஆம் ஆண்டில் பன்னாட்டு வல்லுநர் வகுத்த இலக்கு.

குறைகளும் இல்லாமலில்லை. இரத்தத்தில் நேரும் மாற்றம் திசுநீரை எட்டச் சில நிமிடங்கள், சிலபோது கால் மணி நேரம்கூட ஆகும். வில்லை உள்ள பக்கமே ஒருக்களித்துப் படுத்தால், அழுத்தத்தால் பொய்யான தாழ்வு தோன்றும். அதிக அளவில் உட்கொள்ளும் வைட்டமின் சி சில சென்சார்களைத் தடுமாறச் செய்யும். பசை ஒவ்வாமல் தோல் சிவப்பதும் உண்டு. உடல் உணர்த்துவதும் கருவி காட்டுவதும் ஒவ்வாதபோது விரலைக் குத்திப் பார்த்தே தெளிய வேண்டும். எனவே சென்சார் வாங்கியவரும் குளுக்கோமீட்டரைத் தூக்கி எறிதல் ஆகாது.

எவருக்கு எது?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தாத்தாவுக்கு எழுபது வயது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் உண்கிறார். ஒன்பது வயதுப் பேத்திக்கோ முதல் வகை நீரிழிவு. நாளுக்கு நான்கு முறை இன்சுலின். வெளிநாட்டில் பணிபுரியும் மகன் தந்தையின் மீதுள்ள அன்பால் அவருக்கு மாதந்தோறும் சென்சார் வாங்கித் தர முன்வருகிறான். அன்பு நன்றே, ஆயினும் அப்பணம் செல்ல வேண்டிய இடம் வேறு.

மெட்ஃபார்மின் மட்டும் உண்போர்க்குச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்வது மிக அரிது. தாத்தாவுக்கு வாரம் இருமுறை விரல் சோதனையும், மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும் போதும். மாதம் எட்டு அல்லது ஒன்பது பட்டைகளே செலவாகும். பேத்தியின் நிலை வேறு. உறக்கத்தில் அவள் சர்க்கரை தாழ்ந்தால் வலிப்போ மயக்கமோ நேரலாம். அதற்கு அஞ்சி நள்ளிரவு இரண்டு மணிக்குக் கடிகாரம் வைத்து எழுந்து குழந்தையின் விரலைக் குத்தும் தாய்க்குத்தான் சென்சாரின் அருமை தெரியும். சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள வில்லை இரு வாரங்களில் தீர்ந்துவிடும். ஆதலால் கையிலுள்ள பணத்தை அவளுக்கே முதலில் ஒதுக்குவது அறிவுடைமை.

அவளைப் போன்றே, பல வேளை இன்சுலின் போடுவோர், இன்சுலின் பெறும் கருவுற்ற தாய்மார், சர்க்கரை தாழ்வதை உடலால் உணர இயலாதோர் ஆகியோர்க்குச் சென்சார் பெருந்துணை. மாத்திரை உண்போரும் மருத்துவர் சொன்னால் ஆண்டுக்கு ஓரிரு முறை 14 நாள்கள் ஒட்டிப் பார்க்கலாம். எந்த உணவு தமக்குச் சர்க்கரையை ஏற்றுகிறது, உணவுக்குப்பின் சற்று உலாவினால் எவ்வளவு இறங்குகிறது என்பதைத் தாமே கண்டறிவர். தவக்காலத்தில் நோன்பிருக்க விரும்பும் நோயாளர், மருத்துவரின் சொற்கேட்டே முடிவு செய்தல் வேண்டும்.

மறவாதிருக்க

சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகச் செய்து, 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். அச்சமயம் சென்சார் பின்தங்கும். விரல் சோதனையே மேல். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. தோலைத் துளைக்காமலே சர்க்கரையை அளப்பதாக விற்கப்படும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்துள்ளது.

இறுதியாக, வீட்டாருக்கு ஒரு வார்த்தை. கருவி காட்டும் எண் நோயாளரின் நடத்தைக்கு இடும் மதிப்பெண் அன்று. காய்ச்சலும் கவலையும் உறக்கமின்மையும்கூடச் சர்க்கரையை ஏற்றும். ஒவ்வொரு எண்ணுக்கும் கடிந்துகொண்டால், பாட்டி சோதிப்பதையே நிறுத்திவிடுவார். பள்ளிப் பிள்ளை பொய்யான எண்ணை எழுதி வைப்பான். அதனால் விளையும் கேடு மிகப் பெரிது. “ஏன் இப்படி ஏறிற்று?” என்று அதட்டாமல், “இதைக் குறைக்க நாம் என்ன செய்யலாம்?” என்று அருகில் அமர்ந்து கேட்போமாக. அவ்வாறு கேட்கும் இல்லத்தில் எளிய குளுக்கோமீட்டரும் போதிய பயன் தரும்.