திறந்திருந்த இன்னொரு கதவு

காலரா உடலை வற்றவைப்பதும், உப்பும் சர்க்கரையும் உயிரை மீட்பதும் குடல் செல்லின் சவ்வில்தான். இந்த இரு உண்மைகளிலும் கொல்கத்தாவுக்குப் பெரும் பங்கு உண்டு.

1971ஆம் ஆண்டின் மத்தியில், கிழக்கு பாகிஸ்தானிலிருந்து தப்பி வந்த லட்சக்கணக்கான அகதிகளோடு காலராவும் மேற்கு வங்கத்துக்குள் நுழைந்தது. எல்லையோர ஊரான போன்காவின் மருத்துவமனையில் கட்டில்கள் நிறைந்து, நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். கழிவின் மீது முழந்தாளிட்டுத்தான் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அவர்களுக்கு ஊசி குத்த வேண்டியிருந்தது. விரைவிலேயே சலைன் பாட்டில்கள் தீரும் நிலை வந்தது. அவற்றை ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை.

கல்கத்தாவில் இருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த அந்தக் குழந்தை மருத்துவர் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. மையத்தின் நூலக அறையில் பொட்டலம் கட்டி, போன்காவில் டிரம்களில் கரைத்து வைத்தார்கள். நோயாளிகளின் உறவினர்களே மொண்டு புகட்டினார்கள். மக்களுக்குப் பழகிய சொல்லாக இருக்கட்டுமே என்று அதை ‘வாய்வழி சலைன்’ என்றார்கள்.

ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுகிற வேலை என்றுதான் அன்று பல டாக்டர்கள் நினைத்தார்கள். குடல் செல்லின் சவ்வு வேறு கணக்கு வைத்திருந்தது.

சவ்வு என்பது கொழுப்பாலான மிக மெல்லிய திரை. உப்பும் சர்க்கரையும் அதைத் தாமாகக் கடக்க முடியாது. அவற்றுக்கென்று புரதக் கதவுகள் உண்டு. காலரா நச்சு உள்ளே புகுந்ததும் குளோரைடு வெளியேறும் கதவு மூடாமல் திறந்தே நிற்கிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியமும் தண்ணீரும் பின்னாலேயே ஓடுகின்றன. அரிசி களைந்த நீர் போல ஒரே நாளில் பல லிட்டர் வெளியேறும். ஆனால் இன்னொரு கதவை நச்சு தொடுவதில்லை. இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் சேர்ந்து வந்தால் அது அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீரும் கூடவே போகும். வெறும் உப்புத் தண்ணீர் பலிக்காததற்குக் காரணம் இதுதான்.

நோய் கிருமியின் நச்சால் வருகிறது என்பதைக் காட்டியவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் சம்பு நாத் தே. கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை முயலின் கட்டிய குடல் பகுதிக்குள் செலுத்தினார். குடல் நீர் கோத்து உப்பியது. 1959இல் ‘நேச்சர்’ இதழ் அதை வெளியிட்டது. மறு ஆண்டே, குளுக்கோசும் சோடியமும் சேர்ந்தே செல்லுக்குள் போகின்றன என்ற கருத்தை அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கிரேன் முன்வைத்தார். 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் இருவரும் காலரா நோயாளிகளிடமே இந்த வழியைச் சோதித்துக் காட்டினார்கள். விந்தை என்னவென்றால், கல்கத்தாவின் ஹேமேந்திர நாத் சட்டர்ஜி 1953லேயே 186 நோயாளிகளுக்கு இப்படி வாய்வழியாகக் கொடுத்து ‘லான்செட்’டில் எழுதிவிட்டார். ஏன் பலிக்கிறது என்பதற்கு விளக்கம் இல்லாததால் யாரும் பொருட்படுத்தவில்லை.

போன்காவில் 30 சதவீதத்தை எட்டியிருந்த சாவு விகிதம், இந்தக் கரைசல் கொடுக்கப்பட்டவர்களிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது.

இனிப்பைக் கூட்டினால் நல்லதுதானே என்று வீடுகளில் நினைப்பார்கள். அது ஆபத்து. உறிஞ்சப்படாமல் எஞ்சும் சர்க்கரை, செல்லிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுத்து வயிற்றுப்போக்கை அதிகமாக்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2002இல் குளுக்கோசை லிட்டருக்கு 13.5 கிராமாகவும் உப்பை 2.6 கிராமாகவும் குறைத்தது.

சம்பு நாத் தேயை 1978இல் நோபல் அறக்கட்டளை கருத்தரங்குக்கு அழைத்தது. இந்தியாவில் பெரிய விருது எதுவும் பெறாமலே 1985இல் மறைந்தார். மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். அவருக்கு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது 2023 ஜனவரியில்.